சாலீஸ்

பரேல் ஆஸ்பத்திரி, அறை எண் பதினெட்டு.
டாக்டர் தேவ்தர் என்னைப் பார்த்து இந்தியில் பேசுவார்.
நான் பேச்சியைப் பார்ப்பேன்.
பேச்சி சுவரைப் பார்த்துத் தமிழில் சொல்வாள்.
ஏழு மாதமாக இப்படித்தான்.
பதினோரு வயது. இடது முட்டிக்கு மேல்
மாங்கொட்டை அளவு வீக்கம்.
அவளைப் பற்றிய சேதியெல்லாம்
அவள் வாய்வழியாகவே என்னிடம் வந்தது.

பிள்ளைக்கு எதுவும் தெரியக் கூடாது என்பது
அவள் அப்பாவின் ஏற்பாடு.
சத்துக் குறைவு. ஊசி போட்டால் சரியாகும். முடி வளர்ந்துவிடும்.
ஆனால் தோல் பட்டறையில் ஒருநாள் லீவு எடுத்தால்
இருநாள் கூலி போகும் அவருக்கு.
ஆகவே நாங்கள் இருவரும்தான் வந்துபோனோம்,
யாரிடம் மறைக்க வேண்டுமோ அவளும்
மறைக்க மொழியில்லாத நானும்.

அன்று டாக்டர் ஒரு எண் சொன்னார்.
பேச்சி எச்சில் விழுங்கினாள்.
"நூத்துக்கு எண்பது பேரு பொழைச்சுக்குவாங்களாம்மா."
நான் தலையாட்டினேன்.
பதிமூன்று வருடமாகத் தாராவியில் தக்காளி வாங்குகிறேன்.
வீஸ் தெரியும், தீஸ் தெரியும்.
அவர் சொன்னது சாலீஸ்.

பிறகு காலைப் பற்றி.
எலும்பை எடுத்துவிட்டு உள்ளே உலோகம் வைக்கலாம்.
பிள்ளை வளர வளர அதையும் நீட்ட வேண்டும்,
திரும்பத் திரும்பத் திறந்து.
இல்லையென்றால் தொடையோடு எடுத்துவிட்டுச்
செயற்கைக் கால் மாட்டலாம்.
எதுவானாலும் உயிர்க்கணக்கு ஒன்றுதானாம்.
வீட்டில் பேசிவிட்டு வாருங்கள் என்றார்.

வீட்டில் பேசினோம். அதாவது
அவள் தூங்கிவிட்டாள் என்று நினைத்து நாங்கள் பேசினோம்.
"பொம்பளப் புள்ள. இரும்போ பித்தளையோ,
பாக்க கால் மாதிரி இருந்தாப் போதும்."
சுவரோரம் படுத்திருந்தவளின் மூச்சு
ஒரு கணம் நின்று மறுபடி வந்தது.

அடுத்த புதன்கிழமை
நான் சொல்லச் சொன்னதை அவள் சொல்லவில்லை.
என் வாக்கியம் சின்னது.
அவள் பேசியது நீளம்.
நடுவில் கையை மேலும் கீழும் ஆட்டிக் காட்டினாள்.
டாக்டர் பேனாவை வைத்துவிட்டு
நாற்காலியை என் பக்கமிருந்து
அவள் பக்கம் திருப்பிப் போட்டார்.

என்னடி கேட்ட?
"எந்தக் கால வச்சு நம்ம வீட்டு ஏணியில ஏறலாம்னு."

எங்கள் வீட்டில் மேல் அறைக்குச் செங்குத்தாக
ஒரு இரும்பு ஏணி, ஒன்பது படி.
மேலே அவளுடைய ஜன்னல்,
அதன் கம்பியில் வந்து உட்காரும் ஒற்றைக்காது பூனை,
கார்த்திகையிலிருந்து அவள் பார்க்காத பூனை.
அந்த ஏணியை நாங்கள்
எந்தக் கணக்கிலும் சேர்த்திருக்கவில்லை.

ஒரு மணி நேரம் பேசினார்கள்,
பேச்சியும் டாக்டரும் கால் செய்கிற ஆளும்.
காகிதத்தில் ஏணி வரைந்தார்கள்.
அவள் கோபப்பட்டாள், அழுதாள்,
மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஏதோ கேட்டாள்.
எனக்கு யாரும் எதையும் தமிழில் சொல்லவில்லை.
கடைசியில் என் பக்கம் திரும்பினாள்.
"எடுத்துறலாம்மா. திரும்பத் திரும்பத் திறக்க வேணாம்.
அப்பாட்ட நானே சொல்றேன்."

படிவத்தில் எனக்கும் அவள் அப்பாவுக்கும் கோடு இருந்தது.
அவளுக்கு இல்லை. சட்டத்துக்கு அவள் தேவையில்லையாம்.
டாக்டர் அடியில் பேனாவால் ஒரு கோடு இழுத்தார், கோணலாக.
அதில் மராத்தியில் பெயர் எழுதினாள்.
எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து.
அவள் அப்பாவின் கோடு இன்னும் காலி.

சயான் வண்டியில் ஒருத்தி எழுந்து இடம் கொடுத்தாள்.
வெளியே பார்த்தபடியே பேச்சி கேட்டாள்:
"ஒனக்கு சாலீஸ் தெரியும்லம்மா?"
மாட்டுங்கா தாண்டும்வரை நான் பேசவில்லை.
"தெரியும்."
"அப்பவேவா?"
"அப்பவே."
கொஞ்ச நேரம் யோசித்தாள்.
"சரி. இனிமே உள்ளத உள்ளபடி சொல்றேன்.
நீயும் சொல்லணும்."

சயானில் மேம்பாலப் படி செங்குத்து.
தூக்கட்டுமா என்றேன்.
இத்தனை நாள் கேட்காமலே தூக்கியிருக்கிறேன்.
கொஞ்சம் பொறு, என்றாள்.